கியர் பொக்ஸ் நட்டில் மரை போய்விட்டால்

வாசகர் கேள்வி, கராஜ் பதில்

கேள்வி: ஐயா, எங்களுடைய கார் 2002ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், ஓட்டோ கியர். அப்பா ஆசையாக வைத்திருந்தது. அவர் போன பிறகு நான் ஓடுகிறேன். போன மாதம் ஒரு சேர்விஸ் நிலையத்தில் கியர் ஒயில் மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் முற்றத்தில் குற்றிக்காசு அளவுக்குச் சிவப்பாக ஒயில். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது அடியில் இருக்கும், ஒயில் வடிக்கும் ட்ரெயின் நட்டை இன்னும் இறுக்கி அனுப்பினார்கள். இப்போது முன்பைவிடக் கூடச் சொட்டுகிறது. நட்டைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகுவதில்லை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றிப் பூட்டலாம் என்கிறார் ஒருவர். கியர் பொக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, இன்றைக்கே அந்தக் காரை ஓடுவதை நிறுத்துங்கள். சந்திக்கடைக்குப் போய்வரும் தூரம் என்றாலும் வேண்டாம். சுற்றிக்கொண்டே இருக்கும் நட், மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு மரையில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அது காலி வீதியில் கழன்று விழுந்தால் உள்ளே உள்ள ஒயிலில் பெரும்பகுதி ஓரிரு நிமிடத்தில் றோட்டில் போய்விடும். ஓட்டோ கியர் பொக்ஸில் பற்சக்கரம் தேயாமல் இருப்பதற்கு மட்டும் ஒயில் விடுவதில்லை. கியர் மாறுவதே அந்த ஒயிலின் அழுத்தத்தால்தான். ஒயில் இறங்கினால் உள்ளே கிளச் தட்டுகள் வழுக்கிச் சூடேறிக் கருகிவிடும். கியர் பொக்ஸ் மாற்ற வேண்டும் என்று சொன்னவரின் பேச்சு அப்போதுதான் உண்மையாகும். இப்போதைக்கு அதற்கு அவசியமே இல்லை.

இது என் கையால் நடந்த ஒன்று என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1991இல் மருதானையில் ஒரு கராஜில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் காரில் இதே போல் சொட்டு. ஸ்பெனரில் ஒரு முழ நீளக் குழாயைச் செருகி, "இனிச் சொட்டாது" என்று சொல்லி இறுக்கினேன். கடைசிக் கால் சுற்றில் ஸ்பெனர் லேசாகிப் போனதைக் கை உணர்ந்தது. உணர்ந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் குடும்பத்தோடு சிலாபம் போகும் வழியில், மாதம்பைக்கு அருகில், நட் விழுந்துவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வெயிலில் நின்றார்கள். கியர் பொக்ஸ் போனது. பழைய கியர் பொக்ஸ் ஒன்றைப் பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கி, நானே இருந்து பூட்டிக் கொடுத்தேன். அவர் என்னை ஏசவில்லை. அதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒயிலைத் தடுத்து நிறுத்துவது மரை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மரைக்கு அந்த வேலை இல்லை. நட்டின் தலைக்கும் கியர் பொக்ஸின் முகத்துக்கும் நடுவே ஒரு வாஷர் இருக்கிறது அல்லவா, அதுதான் ஒயிலைத் தடுக்கிறது. அந்த வாஷரை நசுக்கிப் பிடிக்கும் அளவுக்கு இழுத்துக் கொடுப்பது மட்டுமே மரையின் வேலை. உங்கள் காரில் அது மெல்லிய அலுமினிய வாஷர். ஒருமுறை நசுங்கினால் அந்த நட்டின் தழும்பு அதில் பதிந்துவிடும். அதையே திரும்பப் போட்டால் பழைய தழும்பும் புது இடமும் பொருந்தாது, மெல்லக் கசியும். உங்கள் கதையில் முதல் சொட்டு அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். புது வாஷர் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய காரியம். வாஷர் செய்ய வேண்டியதைப் பலத்தால் செய்யப் பார்த்ததில் மரை போய்விட்டது.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. இந்த நட்டுக்கு ஹொண்டா சொல்லும் முறுக்கு 49 நியூட்டன் மீற்றர். 25 சென்ரிமீற்றர் நீளமான ரெஞ்சின் நுனியில் 20 கிலோ அளவு அழுத்தினால் அது வந்துவிடும். அதே 20 கிலோ அழுத்தத்தை ஒரு மீற்றர்க் குழாயின் நுனியில் கொடுத்துப் பாருங்கள், நான்கு மடங்கு ஆகிவிடும். நட் உருக்கு, கியர் பொக்ஸ் அலுமினியம். உருக்குக்கு ஒன்றும் ஆகாது. அலுமினிய மரைதான் சீவிக்கொண்டு வரும்.

இனி வீட்டு வேலை. முதலில் சொட்டுவது அந்த இடம்தானா என்று உறுதி செய்யுங்கள். நட் சுற்றுவதால் அதில் பழுது இருப்பது நிச்சயம். ஆனால் சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான அக்ஸில் சீலிலிருந்தோ ரேடியேட்டருக்குப் போகும் ஒயில் ஹோஸிலிருந்தோ வழிந்து வருவதும் அதே பள்ளத்தில்தான் வந்து சொட்டும். அடிப்பக்கம் முழுவதையும் துடைத்துக் காயவிட்டு, கார்ட்போட் மட்டை ஒன்றை விரித்து, ஓர் இரவு விடுங்கள். புது கியர் ஒயில் சிவப்பு, பழையது மண்ணிறம். ஓடிய எஞ்சின் ஒயில் கறுப்பு. ஏசி போட்டு ஓடிய காரின் அடியில் வெறும் தண்ணீர் நிற்கும். கொழும்புப் புழுக்கத்தில் அது நிறையவே வடியும், அதைக் கண்டு பயப்படாதீர்கள்.

காரை உயர்த்துவது பற்றி ஒரு வார்த்தை, தயவுசெய்து கேளுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்தக் கூடாது. அந்தக் கல் எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரண்டு ஜாக் ஸ்டாண்ட் வாங்குங்கள், அல்லது இரவல் எடுங்கள். தரை சமமாக, கெட்டியாக இருக்கட்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஒயிலை வடியுங்கள். கொதிக்கும் சூட்டில் வேண்டாம், கை வெந்துவிடும். நட்டின் தலையில் சதுரக் குழி இருக்கும். முக்கால் அங்குலத்தின் பாதி, அதாவது 3/8 அங்குல ரெஞ்சின் சதுரமே அதில் நேராக உட்காரும், சொக்கெட் தேவையில்லை. வடிந்த ஒயிலைச் சுத்தமான பேசினில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். இப்போது நட்டைப் பாருங்கள். மரைப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பி போல அலுமினியம் சுருண்டு கிடந்தால், கியர் பொக்ஸின் மரை அதோடு வந்துவிட்டது. டோர்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். வாயருகில் உள்ள இரண்டு மூன்று மரை மட்டும் போய், உள்ளே நல்ல மரை தெரிகிறதா? அல்லது அடி முதல் நுனி வரை வழவழவென்று இருக்கிறதா? நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது இந்த ஒரு பார்வையில்தான் தங்கியிருக்கிறது.

உள்ளே மரை நன்றாக இருந்தால் வேலை சின்னது. பழைய நட் ஒன்றை எடுத்து, இரும்பு அறுக்கும் வாளால் மரைக்குக் குறுக்கே, நுனியிலிருந்து தலைவரை, மூன்று இடத்தில் பள்ளம் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் உள்ள பிசிரை அரத்தால் எடுத்துவிட்டால் அதுவே மரை சுத்தம் செய்யும் கருவி. பள்ளத்தில் கிறீஸ் நிரப்பி, கையால் மட்டும் திருகுங்கள். அரைச் சுற்றுப் போய்க் கால் சுற்றுத் திரும்பி வர வேண்டும். சீவல் கிறீஸில் ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்து, துடைத்து, புதுக் கிறீஸ் வைத்துத் திரும்பவும் போங்கள். அப்புறம் புது நட், புது வாஷர். பஞ்சிகாவத்தையில் ஹொண்டா பாகம் விற்கும் எந்தக் கடையிலும் 18 மில்லிமீற்றர் கியர் பொக்ஸ் வாஷர் என்றால் எடுத்துத் தருவார்கள். பழைய நட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மரை முழுவதும் போயிருக்கும் என்றுதான் படுகிறது. அப்படியென்றால் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை உள்ள ஒரு துண்டை உள்ளே பூட்ட வேண்டும். இதற்கு இரண்டு வகை உண்டு. ஒன்று ஹெலிகொயில் என்னும் கம்பிச் சுருள். மற்றது உள்ளும் புறமும் மரை வெட்டிய கெட்டியான புஷ். நட்டின் அளவு 18 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர். கடையில் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், 18 என்று மட்டும் சொன்னால் வேறு இடைவெளியில் தந்துவிடுவார்கள். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் மரை வெட்டும் டப், ரெஞ்ச் எல்லாம் தேடலாம். புஷ் என்றால் லேத் பட்டறையில் நட்டைக் கொடுத்து அதற்கேற்பக் கடைந்து வாங்குவது நல்லது.

ட்ரெயின் நட்டுக்கு எனக்குப் பிடித்தது புஷ்தான். இந்த நட் அடிக்கடி கழன்று பூட்டப்படுவது. கம்பிச் சுருள் சில தடவைக்குப் பிறகு நட்டோடு சேர்ந்து வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. சுருளைத் திருகி உள்ளே அனுப்புவதற்காக அதன் நுனியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். பூட்டியதும் அதை உடைத்து எடுக்க வேண்டும். உங்கள் ஓட்டைக்குப் பின்னால் கியர் பொக்ஸின் வயிறு இருக்கிறது. நாக்கு அங்கே போய் விழுந்தால் தேட முடியாது. ட்ரெயின் நட்டில் காந்தம் இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். அது இரும்புத் தூளைத்தான் பிடிக்கும். அந்தச் சுருள் துருப்பிடிக்காத உருக்கு, காந்தத்தில் சரியாக ஒட்டாது. அலுமினியச் சீவலும் ஒட்டாது. சுருள்தான் கிடைத்தது என்றால் நாக்கு இல்லாத வகை கேளுங்கள். அதை வெளிமுகத்தோடு சமமாக நிறுத்தாமல் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை உள்ளே தள்ளிப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் வாஷர் சரியாக உட்காராது.

ஓட்டையைப் பெரிதாக்கும்போது மின்சார ட்ரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தபடி வேலை செய்யாதீர்கள். அந்தப் பருமனான பிட் அலுமினியத்தைக் கௌவிப் பிடித்தால் மணிக்கட்டைத் திருப்பிவிடும், ஓட்டையும் கோணலாகும். ஓட்டை கோணலானால் நட்டின் தலை ஒரு பக்கம் மட்டும் முகத்தில் உட்காரும், எத்தனை வாஷர் போட்டாலும் சொட்டும். ஓட்டையைச் சீவிப் பெரிதாக்கும் கை ரீமர், கையால் சுற்றும் டப், இரண்டும் போதும். டப் நேராகப் போகிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு சின்ன மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பள்ளம் நிறையக் கிறீஸ் இருக்கட்டும். முன்பு சொன்ன மாதிரியே அரைச் சுற்றுப் போய்க் கால் சுற்றுத் திரும்புங்கள், சீவலை எடுத்துத் துடையுங்கள். அவசரம் வேண்டாம். இந்தப் பகுதிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். முதல் தடவை டப் பிடிப்பவர் என்றால், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். காரை இழுத்துக்கொண்டு போகும் செலவாவது மிஞ்சும்.

மரை வெட்டியதும் உடனே புஷ்ஷைப் பூட்டாதீர்கள். மேலே ஒயில் பார்க்கும் கோல் இருக்கும் குழாய் வழியாக அரை லீற்றர் புது ஒயிலை ஊற்றி, கீழே வெள்ளைத் துணியில் வடியுங்கள். மினுமினுப்பு ஏதாவது தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். துணி சுத்தமாக வரும் வரை இதைச் செய்யுங்கள். அந்த அரை லீற்றர் வீண் போனதாக நினைக்க வேண்டாம். ஓட்டோ கியர் பொக்ஸின் உள்ளே வால்வுகள் ஓடும் வழிகள் மிக நுணுக்கமானவை, ஒரு சீவல் துணுக்கு ஒரு வால்வை ஒட்டிப் பிடிக்கப் போதும். வெள்ளை டேப் வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். டேப் நார் நாராகப் பிய்ந்து உள்ளே போகும். சிலிக்கன் பசையும் அப்படித்தான், உள்பக்கம் பிதுங்கிய குண்டுமணி ஒருநாள் கழன்று ஓடும். அதோடு டேப் சொட்டை மறைத்துவிடும், நட் கழன்று வருவதை உங்களுக்குக் காட்டாது. சொட்டுகிற நட்டைவிட, சொட்டாமல் கழன்றுகொண்டிருக்கிற நட்டுக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

பூட்டும் இடத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, புஷ்ஷின் வெளி மரையில் மரை பூட்டும் பசையைச் சுற்றி வைத்துத் திருகுங்கள். சூடு தாங்கும் வகைப் பசையாக இருக்கட்டும். முழுப் பலம் வர 24 மணித்தியாலம் விடுங்கள். மறுநாள் புது வாஷரோடு நட்டை விரலால் கடைசிவரை திருகுங்கள். விரலால் போகாவிட்டால் மரை மாறி ஏறுகிறது, எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். அப்புறம் முறுக்கை அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்சில் 49 வைத்து, கிளிக் என்றதும் கையை எடுங்கள். இரண்டாவது கிளிக் வேண்டாம்.

ஒயில் ஹொண்டாவுக்கென்று உள்ளதாக இருக்க வேண்டும். உங்கள் காருக்கு முதலில் வந்தது ஏ.டி.எஃப். இசெட்-1. அதற்குப் பதிலாக ஹொண்டா இப்போது தருவது டீ.டபிள்யூ-1. அளந்து வைத்த அளவை ஊற்றி, சமதரையில் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை பொறுங்கள். எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 செக்கனுக்குள் கோலை எடுத்துப் பாருங்கள். டொயோட்டா ஓடினவர்கள் எஞ்சின் ஓடும்போதே பார்க்கப் பழகியிருப்பார்கள். ஹொண்டாவில் நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். முன்பே சொட்டிப் போனதால் இன்னும் சற்று ஊற்ற வேண்டி வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கூடிவிட்டால் வடிப்பது வேலை.

20 மில்லிமீற்றர் அளவில், தானே மரை வெட்டிக்கொண்டு போகும் பெரிய நட் ஒன்றை யாராவது சிபாரிசு செய்தால் இந்த கியர் பொக்ஸுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். சீவல் முழுவதும் உள்ளே போகும். ஓட்டையைச் சுற்றியுள்ள அலுமினியம் வெடித்துவிட்டால் அதன்பின் புஷ் போடவும் இடம் இருக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் தொடங்கியது. அந்த ஐந்து வருடமும் நம்முடைய ஆட்கள் பழைய கார்களைத்தான் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் அப்பாவின் கார் இன்னும் நிறைய ஓடும். வேலை முடிந்ததும் எழுதுங்கள் தம்பி, எனக்கு அறிய ஆசை.

கேள்வி: எங்களிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121, அதுவும் ஓட்டோ. இதே போல் ட்ரெயின் நட் சுற்றுகிறது. இதற்கும் புஷ்தானா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, உங்களுக்கு வேலை சுலபம். உங்கள் காரில் நட் இருப்பது கியர் பொக்ஸின் உடம்பில் இல்லை, அடியில் பூட்டியிருக்கும் தகட்டுப் பானில், அதாவது ஒயில் தங்கும் தட்டில். பானைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போகலாம். பழைய மரைத் துண்டை வெட்டி எடுத்து அதே அளவில் புதிதாக ஒன்றை ஒட்டித் தருவார்கள். கார் வீட்டில் நிற்கட்டும். பானைக் காரில் வைத்தபடியே வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள்.

பானின் உள்ளே சின்னக் காந்தங்கள் இருக்கும். எத்தனை, எந்த இடத்தில் என்று தொலைபேசியில் படம் எடுத்துவிட்டுத்தான் அகற்ற வேண்டும். வெல்டிங் முடிந்து வந்ததும் பானுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கடதாசியின் மேல் ஓர் இரவு வையுங்கள். மண்ணெண்ணெய் ஒயிலைவிட மெல்லியது, ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கடதாசியில் காட்டிவிடும். கடதாசி காய்ந்திருந்தால் நன்றாகக் கழுவி, காந்தங்களை வைத்து, புது கேஸ்கெட்டோடு பூட்டுங்கள். பானைச் சுற்றியுள்ள போல்ட்கள் சின்னவை, அவை ஏறுவதும் அலுமினியத்தில்தான். எல்லாவற்றையும் விரலால் ஏற்றிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி, சிறிய ரெஞ்சால் மெல்ல இறுக்குங்கள். ஒரு நட்டைச் சரிசெய்யப் போய் இன்னொரு போல்ட்டின் மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் எனக்கு மாதம் ஒருவராவது எழுதுகிறார்கள்.

கேள்வி: சுசூகி அல்டோ, கையால் மாற்றும் கியர். கீழ் நட்டைக் கழற்றி ஒயிலை வடித்துவிட்டேன். ஒயில் ஊற்றும் மேல் நட் அசையவே மாட்டேன் என்கிறது, தலையும் வட்டமாகத் தேய்ந்துவிட்டது. இப்போது வெறும் கியர் பொக்ஸோடு கார் நிற்கிறது.
– வாசகர், தெஹிவளை

பதில்: கையால் மாற்றும் கியர் பொக்ஸில் எப்போதும் ஊற்றும் நட்டை முதலில் தளர்த்துங்கள். அது கழன்ற பிறகுதான் கீழ் நட்டில் கை வைக்க வேண்டும். இதைத் தொழில் பழகும் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்வேன்.

இப்போது நிற்கும் நிலைக்கு: துரு இளக்கும் ஒயிலை அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் தலையை விடச் சற்றுச் சிறிய அறுகோணச் சொக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கமாக ஏற்றிவிட்டு, இறுக்கும் பக்கம் மிகச் சிறிது அசைத்து, பிறகு தளர்த்துங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கார் பின்னோக்கிப் போகும்போது எரியும் விளக்கின் சுவிட்ச் பல கியர் பொக்ஸ்களில் மேல் பக்கமாகப் பூட்டியிருக்கும். அதைக் கழற்றி அந்த ஓட்டையில் ஹோஸ் வைத்து ஊற்றலாம். ஊற்றும் ஓட்டையால் வழியும்வரை ஊற்றுவதுதான் வழக்கமான அளவு. உங்களுக்கு அது அடைத்திருப்பதால் காரின் கையேட்டில் உள்ள அளவை அளந்து ஊற்றுங்கள். இது இப்போதைக்கு ஓடுவதற்கு. மேல் நட்டை அடுத்த சேர்விஸுக்குள் எப்படியாவது எடுத்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் மொரிஸ் மைனருக்கு ஒரு போல்ட் தொலைந்துவிட்டது. கடையில் வாங்கிய புதுப் போல்ட் இரண்டு சுற்று நன்றாக ஏறி, பிறகு இறுகுகிறது. பலமாகத் திருகினால் போய்விடுமா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: போகும், மரையை அழித்துக்கொண்டு போகும். திருகாதீர்கள். இரண்டு சுற்று ஏறி நிற்கும் போல்ட், வேறு வகை மரை என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றைய மில்லிமீற்றர் மரையின் கோணம் 60 பாகை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வேர்த் 1841இல் கொண்டுவந்த மரையின் கோணம் 55 பாகை. பழைய ஆங்கிலேயக் கார்களில் அங்குல மரைகள்தான், அவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. மரை அளக்கும் சீப்பு ஒன்று சின்ன விலைக்குக் கிடைக்கும். அதே காரிலிருந்து பக்கத்துப் போல்ட் ஒன்றைக் கழற்றி, சீப்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரியாத பல்தான் உங்கள் அளவு. அந்தப் போல்ட்டையே மாதிரியாகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தம்பி வார இறுதியில் கார் வேலை செய்து, கழிவு ஒயிலை வடிகானில் ஊற்றுகிறார். கேட்டால் மழை வந்தால் போய்விடும் என்கிறார். முற்றத்திலும் கறை. என்ன செய்யலாம்?
– வாசகி, மட்டக்குளி

பதில்: மழை வந்தால் போகும், எங்கே போகும் என்றுதான் அவரிடம் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்து வடிகான் களனி கங்கைக்கும் கடலுக்கும் போகிறது. முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்கள் உங்கள் அயலவர்கள்தானே அக்கா. சண்டை பிடிக்காமல், மூடியுள்ள பழைய ஒயில் கான் ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். அதில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் கழிவு ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்கலாம். கியர் ஒயிலையும் எஞ்சின் ஒயிலையும் ஒரே கானில் ஊற்றலாம். பெற்றோலோ பிரேக் ஒயிலோ தண்ணீரோ அதில் கலக்கக் கூடாது, கலந்தால் எடுக்க மாட்டார்கள்.

முற்றத்துக் கறைக்கு மரத்தூளை அல்லது காய்ந்த மணலைக் கனமாகத் தூவி, காலால் மிதித்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் கூட்டி அள்ளிவிட்டு, சலவைத் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் களி போலக் குழைத்துத் தடவி, பிரஷ்ஷால் தேயுங்கள். அள்ளிய மரத்தூளைப் பொலித்தீன் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள், அடுப்பில் போட வேண்டாம். சீமெந்தில் ஊறிப்போன பழைய கறை ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை இதையே செய்யுங்கள்.